சுவருக்கு நாலு கை

நான் பேருந்து ஓட்டுகிறவள். என் தடத்தில் நீச்சல் குளம் என்றே பெயர் வைத்த ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே கதவைத் திறந்தால், குளத்தின் பின்சுவரில் பதித்த பெரிய விசிறி உள்ளிருந்து தள்ளும் வெதுவெதுப்பான காற்று நேராக வண்டிக்குள் வரும். குளோரின் வாடை. பயணிகள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் என் மகள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பாள்.

பள்ளி விட்டதும் என் வண்டியில் ஏறுவாள். கடைசி நிறுத்தம்வரை வந்து அதே வண்டியில் திரும்புவாள். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அந்த இடத்தைக் கடக்கலாம் என்பதற்காகத்தான். வீட்டுக்குப் போய்ப் படிக்கிற வழியைப் பார் என்று முதலில் அதட்டினேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை, அந்த நிறுத்தத்தில் மட்டும் கதவைக் கொஞ்சம் மெதுவாக மூடச் சொன்னாள். நானும் மூடாமல் வைத்திருப்பேன். பின்னால் நிற்கும் கார்காரன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

அவள் பயிற்சியாளர் மேல் புகார் கொடுத்திருந்தாள். விசாரணை முடிகிறவரை அவள் குளத்துப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய பாதுகாப்புக்காகவாம்.

என் மகள் மல்லாந்து நீந்துகிறவள். அதற்கு பேக்ஸ்ட்ரோக் என்று பெயர். மற்ற நீச்சல்காரர்கள் எதிரே வரும் சுவரைப் பார்த்துக்கொண்டே வரலாம். மல்லாந்து வருகிறவளுக்குக் கூரைதான் தெரியும், சுவர் தலைக்குப் பின்னால் இருக்கும். அதனால் சுவருக்குச் சற்று முன்னால், குளத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டி வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கொடி கண்ணில் பட்டதும் கையை எண்ண வேண்டும். தண்ணீரை இழுக்கும் ஒவ்வொரு வீச்சும் ஒரு கை. என் மகளுக்கு நாலு கை. நாலாவதில் புரண்டு, சுவரை உதைத்துத் திரும்பிவிடுவாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்வையாளர் படியில் உட்கார்ந்தபடியே வருஷக்கணக்காக நீந்தியவள் நான். தண்ணீரில் இறங்கச் சொன்னால் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டேன்.

நடை பழகிய வயதில் அவளுக்குப் பாதம் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கும். வாத்து என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே ஒட்டிக்கொண்டது. "இந்தப் பாதந்தாம்மா இவளைத் தள்ளுது, துடுப்பு மாதிரி" என்று அந்தப் பயிற்சியாளர்தான் ஒரு நாள் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் குளத்தின் கதவைத் திறப்பவரும் அவரே, சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும்.

அவர் திட்டுவார் என்று தெரியும். எந்தப் பயிற்சியாளர் திட்டவில்லை? ஆனால் அவர் என் மகளை எப்படித் திட்டினார் என்பது எனக்குத் தெரியாது. "உங்க ஆளுங்களுக்கு எலும்பு கனம். மிதக்கறதே பெரிய விஷயம், இதுல மெடல் வேற கேக்குதா?" என்பாராம், எல்லோர் முன்னாலும். உங்க ஆளுங்க என்றால் யார் என்று நான் விளக்கப்போவதில்லை. சொன்னவருக்கும் தெரியும், கேட்டுச் சிரித்தவர்களுக்கும் தெரியும். நேரம் குறையவில்லை என்றால் மிதவைப் பலகையால் தலையில் அடிப்பாராம். அதை எல்லாப் பிள்ளைகளும் வாங்கியிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் இன்னொன்று நடந்தது. இவள் நீந்தும்போது கொடிக் கயிற்றைக் கழற்றிவிடுவார். "கொடியைப் பாத்து நீந்தறவ சோம்பேறி. சுவரு எங்கன்னு உடம்புக்கே தெரியணும்" என்பார். சுவர் எங்கே என்று தெரியாமல் முழு வேகத்தில் வந்து மண்டையை மோதிக்கொள்வாள். பயந்து வேகத்தைக் குறைத்தால் முதலிலிருந்து நீந்தச் சொல்வார்.

வீட்டில் வந்து "வழுக்கிடுச்சும்மா" என்பாள். நானும் நம்பி ஐஸ் வைத்து ஒத்தினேன். ஒரு காலையில் தலை வாரும்போது பழைய வீக்கத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று சீப்பில் தட்டுப்பட்டது. துடித்துப்போய்விட்டாள். அப்புறந்தான் எல்லாம் வெளியே வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குளத்துக் கதவிலேயே இடித்துவிடுகிறேன் என்று நான் குதித்தேன். அவளுடைய அப்பா, வாயிருந்தும் பேசாத மனுஷன், என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பேர் போடாம எழுதறேம்மா. அவரை அனுப்ப வேண்டாம், மாறினா போதும். நான் நீந்தணும்" என்றாள் வாத்து.

விளையாட்டுச் சங்கத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். ரொம்பக் கவனமாகத்தான் எழுதினாள். கொடி விஷயத்தை எழுதினால் தான் யார் என்று தெரிந்துவிடும் என்று அதைத் தொடவே இல்லை. எல்லோருக்கும் நடப்பதை மட்டும் எழுதினாள். பலகையால் அடித்ததையும், பேசிய பேச்சையும், யாரோ ஒரு பிள்ளை சொல்வதுபோல. எல்லாம் சரியாக இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. எப்போது அடித்தார் என்பதற்கு, "சுவருக்கு நாலு கை இருக்கும்போது" என்று எழுதிவிட்டாள். நீங்களும் நானும் படித்தால் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சுவரைக் கண்ணால் பார்த்து வருகிறவர்கள் யாரும் கையை எண்ண மாட்டார்கள். அந்தப் பெரிய பிள்ளைகள் குழுவில் மல்லாந்து நீந்துகிறவள் இவள் ஒருத்திதான். பதில் சொல்ல அவர் கைக்குப் போன பிரதியை மாஸ்டர் ஒரே தடவைதான் படித்தாராம். அன்று சாயங்காலத்துக்குள் குளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

சங்கத்தில் இதற்கென்றே ஒரு அலுவலர் இருந்தார். நலன் அலுவலர். முன்னாள் பளு தூக்கும் வீராங்கனை. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது, குரல் மட்டும் பூனைக் குரல். அவருடைய அறை மைதானத்தின் பின்பக்கம், பந்துகள் வைக்கும் கிடங்கை ஒட்டி இருந்தது. நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருத்தர் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். என் மகள் பேச வாயைத் திறந்ததும் பம்பு சத்தம் நின்றது. நான் எழுந்துபோய்த் தடுப்பைத் தட்டினேன்.

"அண்ணே, பந்துக்குக் காத்து அடிங்க. இந்தப் பக்கம் காது வெக்காதீங்க."

பம்பு அவசர அவசரமாக வேலை செய்ய ஆரம்பித்தது. அலுவலர் அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

"பேரை நான் கொடுக்கலம்மா" என்றார் என் மகளிடம். "ஆனா என்ன புகார்னு அவருக்குச் சொல்லித்தான் ஆகணும். பதில் சொல்ற உரிமை அவருக்கும் இருக்கு. அந்த ஒரு வரியை நான் கவனிச்சிருக்கணும். எனக்கு நீச்சல் தெரியாது."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குளத்துல இருக்கக் கூடாதுன்னா, அவரை வெளிய நிறுத்த வேண்டியதுதானே?" என்றேன்.

"விதியில யார் போகணும்னு எழுதலங்க. அவரு போனா கதவைத் திறக்க ஆளில்ல, மத்த பிள்ளைங்க பயிற்சி நின்னுடும்னு குளத்தை நடத்தற கிளப்புல சொல்றாங்க."

"ஒரு சாவியைக் கை மாத்தத் துப்பில்லாத கிளப்பு. இதுங்க எல்லாம் பிள்ளைங்களை வளக்கப்போகுதா?"

"நானும் கொஞ்சம் மரியாதையா அதையேதான் எழுதியிருக்கேன். பதில் வரல."

அப்போதுதான் வாத்து கொடியைப் பற்றிச் சொன்னாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? தலையைக் குனிந்து, முடியை விலக்கிக் காட்டினாள். அலுவலர் அம்மா எழுந்து வந்து, அந்தப் பெரிய விரல்களால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான் பெரிய விஷயம். இது முதல்லயே வந்திருக்கணும்" என்றார். "இப்ப சொன்னா, அப்புறமா கட்டின கதைன்னு அவங்க சொல்லுவாங்க. விசாரணைக் கமிட்டில உக்கார்றவங்க நியாயமானவங்கதான். ஆனா உன் வார்த்தைக்கு எதிரா அவரு வார்த்தை மட்டும் இருந்தா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. வேற யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்க."

"யாராவது ஒருத்தராவது வந்து சொல்லுவாங்களா?"

என் மகள் விலக்கிய முடியை இழுத்து மூடிக்கொண்டாள். பந்துக்காரர் பம்பை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு, யாரும் எழுப்பாமலே எழுந்துகொள்ளும். போக இடம் இல்லை. கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கையைச் சுழற்றுவாள். விரல் சுவரில் இடிக்கும். அவள் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே நடந்தாலும் முட்டியில் இடித்துக்கொண்டோம், யாரும் புகார் சொல்லவில்லை. பக்கத்துத் தெரு உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு குளம் இருக்கிறது என்று கூட்டிப்போனேன். முழங்கால் வலிக்காரர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நாலு வீச்சு போட்டதும் அக்கரை வந்துவிட்டது. "இது தொட்டிம்மா" என்று ஏறிவிட்டாள்.

நீச்சல்காரர்கள் தண்ணீரின் பிடி என்று ஒன்று சொல்வார்கள். உள்ளங்கையில் தண்ணீர் கெட்டியாக அகப்படுவது. குளத்தை விட்டு விலகினால் அது போய்விடும், திரும்ப வர ரொம்ப நாளாகும். அவள் சாப்பிடும்போதுகூட விரல்களை விரித்து விரித்து மூடிப் பார்ப்பாள். "போயிட்டே இருக்கும்மா" என்பாள். அவள் தூங்கும்போது நான் தலைமாட்டில் குனிந்து முடியை முகர்ந்து பார்ப்பேன். எத்தனையோ வருஷம் எந்த ஷாம்பூவுக்கும் அசையாமல் இருந்த குளோரின் வாடை போயே போய்விட்டது. அந்த வாடையை எவ்வளவு திட்டியிருப்பேன். எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. ஈரத் தலையோடு பசி பசி என்று கத்திக்கொண்டு வந்த அந்த வாயாடி எனக்கு வேண்டும்போல் இருந்தது.

"விட்டுடலாமா?" என்றார் அவள் அப்பா ஒரு நாள், சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. "டீமுக்கு ஆள் எடுக்கற தேர்வுப் போட்டி வருது. பிள்ளை வாடிப்போறா."

"விட்டுட்டு?"

"நீந்துவா இல்ல?"

எனக்கும் அதே நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவர்மேல் அப்படிப் பாய்ந்தேன்.

குளத்திலிருந்து ஈரத் தலையோடு ஏறும் பிள்ளைகள் என் மகளைத் தாண்டிப் பின்னால் போய் உட்காருவார்கள். அவர்களில் கடைக்குட்டி ஒருத்தி உண்டு, பொடிசு என்று கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் வாத்துவின் மடியில்தான் உட்காருவாள். வாத்து போன பிறகு மல்லாந்து நீந்த அவளைத்தான் மாஸ்டர் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டோம். இப்போது பொடிசு எங்கள் பக்கம் திரும்புவதே இல்லை. அவளுடைய அம்மா திரும்புவாள். "ஒருத்தி ராங்கியால எல்லாப் பிள்ளைங்க பேரும் கெடுது. இருக்கறதே ஒரு நல்ல மாஸ்டர்" என்று ஒரு நாள் வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஓட்டும்போது பேசக்கூடாது என்று எனக்கு விதி இருக்கிறது. அன்றைக்கு அந்த விதியை நினைத்து அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால், குள நிறுத்தத்தில் கிளப் செயலாளர் ஏறினார். கார் வைத்திருக்கிற மனுஷன், பஸ்ஸில் ஏன் ஏறுகிறார் என்று நினைப்பதற்குள் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சாலையைத் தவிர எதையும் பார்க்க முடியாது. காது மட்டும்தான் பின்னால் இருந்தது.

"எப்படிம்மா இருக்கே? நாளைக்கே குளத்துக்கு வந்துடேன்" என்றார், சர்க்கரையாக. "புகாரை வாபஸ் வாங்குன்னு நான் சொல்லல. தள்ளி வெய்யி. தேர்வு முடியட்டும், அப்புறம் உக்காந்து பேசுவோம். ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சிவப்பு விளக்கில் நிறுத்தினேன். சரி என்று சொல்லடி என்று ஒரு மனம். சொல்லாதே என்று இன்னொரு மனம். வாழ்க்கையில் எனக்கு எல்லாவற்றுக்கும் வாய் உண்டு, அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அது அவளுடைய தண்ணீர், அவள்தான் சொல்ல வேண்டும்.

"மாஸ்டர் இருப்பாரா சார்?"

"இருப்பாரு. ஆனா உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

"கொடி இருக்குமா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அந்தச் சின்ன விஷயமெல்லாம் அங்க வந்து பேசிக்கலாமே."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. பச்சை விழுந்தது, நான் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின.

"எனக்குத் தண்ணி வேணும் சார்" என்றாள் என் மகள். "தினமும் வேணும். கனவுல எல்லாம் வருது. ஆனா சொன்னதைத் தள்ளி வெக்க மாட்டேன். நீங்க அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்குங்க சார், அதுக்கு மேல போனா உங்களுக்குத் திரும்பி வர தூரம்."

இறக்கிவிட்டேன். கதவை மூடிய பிறகு, பயணிகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், கண்ணாடியில் வைப்பர் போட்டாலும் சாலை தெளிவாகத் தெரிந்திருக்காது.

தேர்வு நாளன்று நான் விடுப்பு எடுத்தேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும், போய்ப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். பார்வையாளர் படியில் உட்கார யாரும் தடுக்க முடியாது என்று அலுவலர் அம்மா தானும் வந்து, எங்களுக்கு இரண்டு படி கீழே கோட்டைச் சுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். போட்டி என்பதால் கொடிகள் இரண்டு பக்கமும் அழகாகத் தொங்கின. மாஸ்டர் எதிர்க்கரையில் நின்றார். என் மகள் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னை அழைக்காத வீட்டு விருந்தை வெளியிலிருந்து பார்க்கிறவள் மாதிரி. அவள் உள்ளங்கை என் கைக்குள் விரிந்து விரிந்து மூடியது.

பேக்ஸ்ட்ரோக் வந்தது. பெரியவர்கள் போன பிறகு சிறுமிகள். அதில் பொடிசு இருந்தாள். நன்றாகத்தான் கிளம்பினாள், முதல் ஆளாகக் கொடிக்குக் கீழே வந்தாள். அங்கே வந்ததும் வேகம் சட்டென்று செத்துவிட்டது. தலையைத் தூக்கித் திரும்பிச் சுவரைத் தேடினாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். பழக்கமில்லாத பிள்ளை, பயந்துவிட்டது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

"அம்மா" என்றாள் என் மகள். "கொடி இருக்கறப்பவே அது திரும்பிப் பாக்குதும்மா."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவள் எழுந்து கம்பியோரம் போய், கீழே தண்ணீர் சொட்ட நின்ற பொடிசைப் பார்த்துக் கையை அசைத்தாள். கூப்பிடக்கூட இல்லை. தன் தலையின் பின்பக்கத்தை ஒரு முறை தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான்.

பொடிசு அக்கம் பக்கம் பார்த்தாள். அவளுடைய அம்மா துண்டோடு அந்தக் கரையில் தேடிக்கொண்டிருந்தாள். பிள்ளை வழுக்குகிற படிகளில் ஓடி மேலே வந்து எங்கள் முன்னால் நின்றது. பல் கிட்டியது.

"எனக்கும் கொடியைக் கழட்டிடறாருக்கா" என்றது. "நீங்க போனதுலேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. அம்மா திட்டும்."

அலுவலர் அம்மா திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, அவசரப்படவில்லை. பிள்ளை பார்க்கட்டும் என்று தன் முகத்தை மட்டும் காட்டினார்.

"அவங்ககிட்ட சொல்லலாம். நான் சொன்னேன்" என்றாள் வாத்து. "உங்க அம்மாவையும் கூப்பிடுவோம். என் அம்மா பேசிக்கும், அது பெரிய வாய்."

"நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

"இருப்பேன். முதல்ல உக்காரு."

பொடிசு உட்காரவில்லை. அப்படியே என் மகளின் மடியில் ஏறிச் சாய்ந்துவிட்டது. முடியிலிருந்தும் நீச்சலுடையிலிருந்தும் தண்ணீர் ஓடி வாத்துவின் சட்டை, பாவாடை எல்லாம் நனைந்தன. அவள் அந்த ஈரத் தலையில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நனையறே பாருடி" என்று நான் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும்மா" என்றாள்.